88ஆம் சங்கீதம் தேறுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'கோயிலை விட்டு வரும்போது மனசு லேசாகியிருந்தால் அதுதான் நல்ல ஆராதனை' என்று தீர்ப்பே எழுதிவிட்டது. அப்படியானால் 88ஆம் சங்கீதம் தேறாது. கூக்குரலில் தொடங்கி இருளிலேயே முடிகிற அதை வேதாகமத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கட்டுரையாளரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

'நான்' என்று பாடுவது குற்றமல்ல. 13ஆம் சங்கீதம் ஒருவனின் முறையீடுதான். ஆனால் அவன் பேசுவது கர்த்தரிடம். மரியாளின் பாட்டும் 'என் ஆத்துமா' என்றுதான் தொடங்குகிறது. சீக்கிரமே பெருமையுள்ளவர்களைச் சிதறடித்தார், தாழ்மையானவர்களை உயர்த்தினார் என்று கர்த்தர் செய்ததற்குப் போய்விடுகிறது. இன்று திரையில் ஓடும் வரிகளில் யார் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நான் பறப்பேன், நான் ஜெயிப்பேன், நான் உயர்வேன். கர்த்தருக்கு மிஞ்சுவது கடைசியில் ஒரு ஆமென். ஐந்து பாட்டு எடுத்தால், முதல் இரண்டு பாட்டாவது கர்த்தர் யார், என்ன செய்தார் என்று சொல்லட்டும்.

சுருதியை எவரும் பேசுவதில்லை. பயிற்சியில்லாத சபையாருக்கு மேல் டி என்ற சுரம் வரை சிரமமில்லை, கஷ்டப்பட்டு அடுத்த சுரமான ஈ. பாட்டை நடத்தும் வொர்ஷிப் லீடரோ தம் குரல் பளிச்சென்று கேட்கும் இடத்தில் பாட்டை வைக்கிறார். உச்சம் அதற்கும் மேலே எஃப்பையும் ஜியையும் தொடுகிறது. சரணம் ஏறியதும் பின்வரிசை வாயை மூடிக்கொள்கிறது. 'சபை உற்சாகமாக இல்லை' என்று மைக்கில் கடிந்துகொள்வார்கள்! கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை மூன்று படி இறக்கினால் போதும். சத்தமும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்காவிட்டால் மனிதர் பாடுவதை நிறுத்திவிடுவார். கடைசிச் சரணத்துக்கு டிரம்ஸை நிறுத்தி, பாடகர்களின் மைக்கைப் பாதியாக இறக்கினால், யார் பாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஜெபத்திலும் இதே கதை. ஜெபப் புத்தகத்தின் சிறு ஜெபங்கள் தேவனை அழைக்கும், அவர் செய்ததை நினைக்கும், ஒன்றைக் கேட்கும், கிறிஸ்துவின் வழியாக முடியும். ஒரு நிமிடம்கூட ஆகாது. இப்போதோ கன்வென்ஷன் தேதி, கட்டட நிதி, வந்திருக்கும் கவுன்சிலரின் பெயர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தருக்கு அறிவிக்கப்படுகின்றன. அவருக்குத் தெரியாது போலும்.

பொன்னாடையை மட்டும் விட்டுவைப்பானேன்? விசுவாசப் பிரமாணத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தி, திருவிருந்து மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ. பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாடு என்று பார்ப்பது தவறென்று யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியே வைத்திருக்கிறார்; முன்வரிசை சோபா யாருக்கு? 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது இந்தச் சென்னை நகரத்துப் பேராலயத்தில்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த ஊரில் ஆராதனையில் வாசிக்கும் வேதபாடம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைகிறது, 'நேரமில்லை' என்று. சால்வைக்கு நேரம் இருக்கிறது.

தங்களிடம் கேட்பது சிறிய விஷயம். சனிக்கிழமை ஆராதனை அறிவிப்புப் பத்தியில், பிரசங்கியார் படம் இருக்கும் இடத்தில் மறுநாள் வாசிக்கப்படும் வேதபகுதிகளின் அதிகார எண்களை அச்சிடுங்கள். வாசகர் வீட்டிலேயே படித்துவிட்டு வரலாம். விளம்பரக் கட்டணம் தடுக்கிறதென்றால், படத்தைத் தபால்தலை அளவுக்காவது சுருக்குங்கள்.

இப்படிக்கு,
பாடகர் குழுவிலிருந்து ஒரு வாசகர்,
வேப்பேரி, சென்னை