சார்ஜர் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

திங்கள் இரவு நடந்தது உங்களுக்கே தெரியும். "11 மணிக்கு மேல்தான் சார்ஜ்" என்று மின்சார கார்களுக்கு நீங்கள் விதி போட்டீர்கள், நாங்களும் சமத்தாக 11-க்கு டைமர் வைத்தோம். 14 கார், ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட், கூட்டினால் 103-க்கு மேல். பார்க்கிங்குக்கு ஒதுக்கியிருப்பதோ 30. பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்?

அப்புறம் காவலர், நோட்டில் எழுதியிருந்த வரிசைப்படி முதல் நான்கு சார்ஜருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னது அவ்வளவுதான். என் பெயர் ஒன்பதாவது. காலை 5 மணிக்கு இறங்கிப் பார்த்தால் என் காரில் 17 சதவீதம். அப்பாவை 6.30 மணி டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், போய்வர 60 கிலோமீட்டர். முதல் சார்ஜரில் நின்ற கார் மாட்டும்போதே 92 சதவீதம் என்று நோட்டில் இருக்கிறது. அது அரை மணியில் நிரம்பியிருக்கும். பச்சை விளக்கு எரிய விடியும்வரை அப்படியே நின்றது, அதன் உரிமையாளர் ஊரிலேயே இல்லை. வாடகை வண்டி வரும்வரை அப்பா லிஃப்ட் பக்கத்துப் படியில், கையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

நோட்டில் இருந்த சதவீதங்களை வைத்துக் கணக்குப் போட்டேன். அன்று 14 காருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது சுமார் 120 யூனிட். 11-லிருந்து 6 வரை 30 கிலோவாட்டில் 210 யூனிட் கொடுக்கலாம். இருக்கிற மின்சாரமே போதும். நீங்கள் விலை விசாரிக்கும் புது டிரான்ஸ்பார்மர் எதற்கு?

கேட்பது ஒன்றுதான். வண்டியை மாட்டும்போது எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், பங்கிடுவதைக் கணக்கிடம் விடுங்கள். இரவைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 28 துண்டு, 14 கார், எந்தத் துண்டில் எந்தக் காருக்கு எவ்வளவு என்று மொத்தம் 392 எண்கள். எந்தத் துண்டிலும் கூட்டுத்தொகை 30-ஐத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு காருக்கும் கிளம்பும் நேரத்துக்குள் கேட்டது கிடைக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். லீனியர் புரோகிராமிங் என்பது இதுதான். அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-லேயே இதற்கு விடை காண சிம்ப்ளெக்ஸ் என்ற முறையைக் கொடுத்துவிட்டார். காருக்கு 6 ஆம்பியருக்குக் கீழே கொடுக்க முடியாது, கொடுத்தால் 6-க்கு மேல், இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும் என்பதால் கணக்கு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதையும் சாதாரண லேப்டாப் சமாளித்துவிடும். நடுவில் ஒருவர் வந்து மாட்டினால் மறுபடி ஓட்டினால் போயிற்று. நம் சார்ஜர்கள் ஓசிபிபி 1.6 வகை, அதாவது வெளிக் கணினியோடு பேசும் பொது மொழி தெரிந்தவை, எப்போது எத்தனை ஆம்பியர் என்று வெளியிலிருந்து சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் என்ன என்று செயலாளர் கேட்டார். ஆளுக்கு 2 கிலோவாட் சொச்சம் வரும். எனக்கு 5.30-க்குள் 21 யூனிட் வேண்டும், அதில் 14 யூனிட்தான் ஏறும். ஊரில் இல்லாதவர் காருக்கும் அதே பங்கு. இது என்ன நியாயம்?

எல்லாரும் "5 மணிக்குக் கிளம்புகிறேன்" என்று பொய் சொல்வார்களாம். சீக்கிரம் கேட்பவர்களிடம் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள், பொய் தானாகக் குறையும். பார்க்கிங் கோட்டுக்கு மஞ்சளா வெள்ளையா என்று மூன்று கூட்டம் பேசியவர்களுக்கு இதற்கு அரை மணி நேரம் கிடைக்காதா? லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் மோட்டார் என்று எதை எடுத்தாலும் இங்கே கதை இதே... சரி, அதை விடுகிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து ஒரு மாதம் சோதனையாகச் செய்து பாருங்கள். கணக்கை எழுதி ஓட்டித் தர நான் தயார், காசு வேண்டாம். அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை. அதற்குள் எல்லாம் ஆகாது என்று தெரியும். என் பெயரை வரிசையில் முதலில் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. "கிளம்பும் நேரம்" என்று அந்த நோட்டில் ஒரு கட்டம் மட்டும் நாளைக்கே போட்டுத் தாருங்கள், 5.30 என்று எழுதிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
நோட்டில் ஒன்பதாவது பெயர்