நீ அனுப்பிய பாட்டுக்குப் பதில்

அன்புள்ள பாப்பா,

போன வருஷம் ஜூன் கடைசியில் நீ எனக்கு ஒரு பாட்டு அனுப்பினாய், நம் நியூசிலாந்துப் பாடகி லார்ட் பாடிய 'ஃபேவரிட் டாட்டர்', அதாவது மிகவும் பிரியமான மகள். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, வெறும் லிங்க். வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு முறை கேட்டேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே நெஞ்சை என்னவோ செய்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கட்டைவிரல் இன்னும் உறுத்துகிறது.

இதுதான் என் பதில். தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், தெரியும். மெதுவாக வாசி. ஆங்கிலத்தில் எழுதினால் நான் நினைப்பதில் பாதி வராது.

ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. அதனால் லார்டின் பாட்டுகளை முதலில் இருந்து வரிசையாகக் கேட்டேன். நீ விட்டுப்போன சிடிக்கள் உன் அலமாரியில் அப்படியே இருந்தன, இல்லாததை ஃபோனில் கேட்டேன். நாலே ஆல்பம். 2013, 2017, 2021, 2025. நாலு வருஷத்துக்கு ஒன்று. அவளும் நீயும் 1996-இல் பிறந்தவர்கள். உன் வயதுப் பிள்ளை என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் வளர்ந்தது நம் ஆக்லாந்து துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், டெவன்போர்ட்டில். அப்பா சிவில் இன்ஜினியர், அம்மா கவிஞர். 2012 நவம்பரில், 16 வயதில், ஐந்து பாட்டுகளை சவுண்ட்கிளவுட் என்கிற இணையதளத்தில் இலவசமாகப் போட்டாள். அதில் ஒன்றுதான் 'ராயல்ஸ்'. அந்த வருஷம் ஜூலை பள்ளி விடுமுறையில் எழுதிய பாட்டாம். மார்னிங்சைடில் இசைத் தயாரிப்பாளர் ஜோயல் லிட்டில் வைத்திருந்த சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் சனிக்கிழமைதோறும் காய்கறி வாங்கப் போன சாண்ட்ரிங்ஹாம் சாலைக்குப் பக்கம்தான்! அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது, 2014-இல் கிராமி விருதும் வாங்கியது. அப்போது நீ இதையெல்லாம் எனக்குச் சொன்னாய். நான் சோறு வடித்துக்கொண்டே "சரி, சரி" என்றேன்.

அந்தப் பாட்டை இப்போது நிதானமாகக் கேட்டேன். வாத்தியம் என்று அதிகம் ஒன்றும் இல்லை. விரல் சொடுக்கு, அடியில் ஒரு முரசு, அவள் குரலின் மேலேயே அவள் குரல். பாட்டுகளில் வருகிற வைரமும் பெரிய கார்களும் எங்கள் தெருவில் கிடையாது, எங்களுக்கு அது வேண்டவும் வேண்டாம் என்று ஒரு பள்ளிப் பிள்ளை சொல்கிறாள். நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் சில்லறை எண்ணி பஸ் ஏறியவர்கள். எனக்கு அன்றே பிடித்திருக்க வேண்டிய பாட்டு அது.

ஆனால் நீ திரும்பத் திரும்பப் போட்டது 'ராயல்ஸ்' இல்லை, 'ரிப்ஸ்'. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு முணுமுணுப்பும் பிறகு வரும் தடதடப்பும்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருப்பேன், சுவரைத் தட்டுவேன், நீ குறைப்பாய். 12 வருஷம் கழித்து உன் கட்டிலில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்டேன். அப்பா அம்மா இல்லாத நேரத்தில் வீட்டில் நண்பர்களைக் கூட்டி ஒரு கொண்டாட்டம் வைத்துவிட்டு, அதற்கப்புறம் வந்த பயத்தில் எழுதினாளாம். வயதாகிறதே என்ற பயம். 16 வயதில்! குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஏறி, மூச்சு வாங்குகிற மாதிரி போகிறது. நான் பார்க்கிற முதியோர் இல்லத்துப் பாட்டிகள் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு அப்போது அந்தப் பயம் இருந்ததா? சுவரைத் தட்டாமல் கதவைத் தட்டியிருக்கலாம், பாப்பா.

'மெலோட்ராமா' 2017-இல் வந்தது. ஒரே இரவு, ஒரு வீட்டுக் கொண்டாட்டம், அதற்குள் ஒரு காதல் முறிந்த வலி முழுவதும். அவளுக்குச் சத்தம் கேட்டால் நிறம் தெரியுமாம். அதனாலோ என்னவோ இந்த ஆல்பமே இருட்டில் நீலமாக இருக்கிறது. அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதற்கடுத்த கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் போட்டியிட்ட ஐந்து பேரில் அவள் ஒருத்திதான் பெண். விமர்சகர்கள் இதைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு பாட்டு போதும், 'லயபிலிட்டி'. பியானோவும் குரலும் மட்டும். நான் எல்லோருக்கும் பாரம், என்னைக் கொஞ்ச நாள் ரசித்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுகிறார்கள் என்கிறாள். அந்த வருஷம் குளிர்காலத்தில் நீ வெலிங்டனில் இருந்து வந்து மூன்று நாள் படுத்தே கிடந்தாய். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று நினைத்தேன். நீ யாருக்கும் பாரமில்லை. அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் 2021-இல் 'சோலார் பவர்'. இது பலருக்கு ஏமாற்றம் என்று நீயே ஒருமுறை சொன்னாய். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது, நீ கோபித்துக்கொண்டாலும் சரி. தடதடப்பு எல்லாம் அடங்கி, கிதாரும் வெயிலும் கடலும் மட்டும் மிச்சம். கடைசிப் பாட்டு 'ஓஷியானிக் ஃபீலிங்'. அதில் சில்வண்டுச் சத்தம் வருகிறது, கவனித்தாயா? முதலில் நம் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

அதற்காகவே போன ஞாயிற்றுக்கிழமை டெவன்போர்ட்டுக்குப் படகேறினேன். அப்பா வரவில்லை, கிரிக்கெட். பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், ஆனால் நீ லண்டனுக்குப் போன பிறகு அந்தப் படகில் நான் ஏறவே இல்லை. இறங்கி, விக்டோரியா சாலை வழியாக ஏறி, டாகாருங்கா குன்றின் பாதி வரை போய் ஒரு மர நிழலில் உட்கார்ந்தேன். பிப்ரவரி இல்லையா, சில்வண்டுகள் காது கிழியக் கத்துகின்றன. ஹெட்ஃபோனில் அதே பாட்டைப் போட்டேன். எது பாட்டுச் சத்தம், எது மரத்துச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் அவள் தன் அப்பாவை நினைக்கிறாள், தம்பியை நினைக்கிறாள். பிறகு, தனக்கு ஒரு மகள் பிறந்தால் தன் இடுப்பு அவளுக்கு வருமா, தன் கனவு காணும் குணம் வருமா, தன் முரட்டுத்தனம் வருமா என்று கேட்கிறாள். நீ வயிற்றில் இருந்தபோது தூத்துக்குடி வீட்டு மொட்டை மாடியில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் நெற்றி வர வேண்டும், என் கோபம் வரக் கூடாது என்று. நெற்றி வந்தது.

அதே 2021 செப்டம்பரில் அந்த ஆல்பத்தின் ஐந்து பாட்டுகளை இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் பாடி வெளியிட்டாள். 'தே ஆவ் மாரமா', ஒளி உலகம் என்று பொருள். அவள் மாவோரி வம்சம் இல்லை, மொழி சரளமாகவும் வராது. ஹானா மெரெராய்ஹா உள்ளிட்டோர் மொழிபெயர்க்க, பாடகி ஹினேவேஹி மோஹி வழிகாட்டினார். 1999 ரக்பி உலகக் கோப்பையில், இங்கிலாந்தின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில், இந்த நாட்டின் தேசிய கீதத்தை மாவோரியில் பாடி ஊரெல்லாம் திட்டு வாங்கியவர் அவர்தான். இப்போது அதை மாவோரியில் பாடாமல் யாரும் தொடங்குவதில்லை. லார்ட் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைப்பது குரலிலேயே தெரிகிறது. நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'ழ'வுக்கு நாக்கை மடக்கிப் பழகியபோது உன் முகம் இருந்த மாதிரி. நான் அதை அதிகமாகத் திருத்தினேன்.

சரி, நீ அனுப்பிய பாட்டுக்கு வருகிறேன்.

அது 2025-இல் வந்த 'விர்ஜின்' ஆல்பத்தில் இருக்கிறது. அதன் அட்டையில் ஒரு இடுப்பெலும்பின் எக்ஸ்ரே. முதலில் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, இந்த ஆல்பத்தில் எதையும் மறைக்கப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அதில் 'ஃபேவரிட் டாட்டர்' அம்மாவுக்காகப் பாடியது. வாங்கிய பதக்கமெல்லாம் உனக்காக என்கிறாள். எங்கே ஓடினாலும் உன்னை நோக்கித்தான் ஓடுகிறேன், உன் மனதின் பாரத்தைச் சுமந்து என் முதுகு ஒடிகிறது என்கிறாள். 14 வயதிலேயே அம்மாவின் முதுகலை ஆய்வேட்டை, 40,000 சொல் இருக்குமாம், உட்கார்ந்து திருத்திக் கொடுத்த பெண் அவள். நீ 12 வயதில் என் வேலை விண்ணப்பத்தைத் திருத்தினாய். வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் என் சார்பில் நீதான் ஃபோனில் பேசினாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஆச்சி இறந்த செய்தி வந்த இரவு உனக்குப் பத்து வயது. டிக்கெட்டுக்குப் பணம் இல்லை, என்னால் போக முடியவில்லை. நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், யாருக்கும் கேட்காது என்று. வெளியே வந்தபோது நீ கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாய், கையில் டீ. அது ஆறிப்போயிருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே நீ வகுப்பில் முதலாவதாக வந்தாய்.

அப்புறம், பரிசளிப்பு விழா முடிந்து காரில் வந்த அந்த இரவு. உன் கழுத்தில் இரண்டாம் பரிசு பதக்கம். நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த முதல் பரிசு வாங்கின பெண் யார்?" நீ பேர் சொன்னாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்கு அந்தப் பேர் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, நீ எதற்காக அந்தப் பதக்கம் வாங்கினாய் என்பது ஞாபகம் இல்லை. இதை எழுதவே எனக்கு எட்டு மாதம் ஆனது.

நீ எதற்கும் ஓட வேண்டியதில்லை, பாப்பா. எனக்கு இருப்பது ஒரே மகள், அதனால் சொல்கிறேன் என்று நினைக்காதே. பத்துப் பேர் இருந்திருந்தாலும் கதவருகே டீயோடு உட்கார்ந்திருந்தவள் நீதான்.

உன் அறையைத் துடைக்கும்போது அந்தப் பதக்கங்களையும் துடைக்கிறேன். கட்டில் தலைமாட்டில், நான் ஆணி அடித்து மாட்டிய அதே வரிசையில் ஒன்பது இருக்கின்றன. டிசம்பரில் நீ வருவதற்குள் எடுத்துவிடட்டுமா, இருக்கட்டுமா? நீயே சொல். இந்த முறை கட்டைவிரல் போடாதே, ஃபோன் செய்.

அன்புடன்,
அம்மா