தக்காளிக்கும் சுகரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் பெரிய குறை இல்லை. குறை படத்தில். பளபளவென்று ஒரு தக்காளி, அதில் குத்தி நிற்கும் சிரிஞ்சு, சிரிஞ்சுக்குள் நீல நிறத்தில் ஏதோ திரவம், பிடித்திருக்கும் கையில் ரப்பர் உறை. அந்த நேரம் நான் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பேத்தி, படத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாட்டி, தக்காளிக்கும் சுகரா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் இருவர் கண்முன் இருந்த இரண்டு ஊசிகளில் மரபணு மாற்றத்தோடு உண்மையில் தொடர்புள்ளது என் கையில் இருந்ததுதான். ஒரு காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலினுக்கு அமெரிக்கா 1982 இல் ஒப்புதல் தந்தது. நான் போட்டுக்கொள்ளும் மருந்தின் பெட்டியிலும் 'ஆர்டிஎன்ஏ', அதாவது மரபணுவை ஒட்டிச் சேர்த்துத் தயாரித்தது, என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததில்லை. பயப்படும்படி யாரும் அதைப் படம் பிடித்துப் போட்டதும் இல்லை.

முப்பது வருடம் உயிரியல் பாடம் நடத்தியவள் நான். பழக்கம் விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பழத்தில் ஊசி போட்டு யாரும் மரபணுவை மாற்றுவதில்லை. இலையைச் சிறு வட்டங்களாக வெட்டி, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா கலந்த நீரில் முக்கி, ஜெல்லி போன்ற ஊடகத்தில் வைப்பார்கள். செடிக்குள் மரபணுவைக் கொண்டு சேர்ப்பது அந்தப் பாக்டீரியாதான். பல வாரம் கழித்து ஓரங்களில் பச்சையாகத் துளிர் வரும், எல்லாத் துண்டிலும் வராது. பார்க்க அவ்வளவு சாதாரணமாக இருப்பதால்தான் பத்திரிகைக்கு ஆகவில்லை போலும்.

ஒரு படம் என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 1996 இல் பிரிட்டனில் மரபணு மாற்றிய தக்காளி விழுது டப்பாவில் விற்பனைக்கு வந்தது. லேபிளிலேயே அப்படி எழுதியிருந்தார்கள், விலையும் குறைவு, மக்கள் நன்றாகவே வாங்கினார்கள். 1998 ஆகஸ்டில் ஆர்ப்பாட் புஸ்டாய் என்ற விஞ்ஞானி தொலைக்காட்சியில் தோன்றி, மரபணு மாற்றிய உருளைக்கிழங்கு கொடுத்த எலிகளுக்குப் பாதிப்பு என்றார். அப்போது அந்த ஆய்வு எந்த இதழிலும் வெளியாகியிருக்கவில்லை. அதன் வடிவமைப்பே குறையுள்ளது என்று பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி பிறகு சொன்னது. ஆனால் அதற்குள் 1999 பிப்ரவரியில் 'டெய்லி மிரர்' நாளிதழ் முதல் பக்கத்தில் பிரதமர் டோனி பிளேரின் முகத்தையே ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் வரும் பூதமாக்கிவிட்டது. அந்த ஆண்டே விழுது டப்பாக்கள் கடைகளிலிருந்து காணாமல் போயின. அந்த உருளைக்கிழங்கில் செய்த மாற்றம் வேறு, தக்காளியில் செய்தது வேறு. டப்பாவுக்குள் இருந்த விழுது அப்படியேதான் இருந்தது.

முதுகில் மனிதக் காது முளைத்த எலியின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தான், கீழே 'மரபணு மாற்றம்' என்று சிவப்பு மையில். உண்மையில் காது வடிவ அச்சில் மாட்டின் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து எலியின் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். அந்தக் காதுக்காக எந்த மரபணுவையும் தொடவில்லை. பையனைக் குறை சொல்லி என்ன பயன்? 1999 இல் நியூயார்க் டைம்ஸில் மரபணு தொழில்நுட்பத்தை எதிர்த்து வந்த விளம்பரமே அதே எலியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டது.

பயம் காட்டுவதை மட்டும் சொல்லவில்லை. 2000 இல் 'டைம்' இதழ், வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றிய பொன்னிற அரிசியை அட்டையில் போட்டு, ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றும் என்ற தோரணையில் எழுதியது. பிலிப்பைன்ஸ் அதைப் பயிரிட அனுமதித்தது 2021 இல். 2024 இல் அங்குள்ள நீதிமன்றம் அதையும் நிறுத்திவைத்தது. பூதம் என்றாலும் வரம் என்றாலும், அட்டைப்படத்துக்கு ஒரே வேகம்தான்.

இத்தனைக்கும் எனக்கு இந்தப் பயிர்கள் எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை கிடையாது. களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றிய பயிரில் ஒரே களைக்கொல்லியை வருடக்கணக்கில் தெளித்தால் அதற்கு மசியாத களைகள் பெருகும், பெருகியும் விட்டன. விதைக் காப்புரிமை யார் கையில் என்பதும் நியாயமான சண்டைதான். அதையெல்லாம் உங்கள் கட்டுரை பொறுப்பாகவே பேசியது. ஆனால் அந்தக் கட்டுரையைப் பற்றி என்னிடம் பேசிய நாலு பேரில் ஒருவர்கூட களையையோ காப்புரிமையையோ எடுக்கவில்லை. "பார்த்தீங்களா, தக்காளிக்கு ஊசி போடுறாங்களாம்" என்பதுதான் பேச்சு.

அடுத்த முறை அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். ஜெல்லியில் கிடக்கும் இலைத்துண்டு போதும். ஊசி இருந்தே தீரவேண்டும் என்றால் என் இன்சுலின் குப்பியையும் சிரிஞ்சையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலிக் குப்பிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை