நாணல் படுகைக்குத் திட்டம் போடுற பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஜல்லி நெரப்பி, அதுல நாணல் நட்டு, கழிவுநீர உள்ள ஓடவிட்டு சுத்தம் பண்ற படுகைக்கு வரைபடம் போடுறவங்க, நிதி ஒதுக்குறவங்க, வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறவங்க, உங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். நான் பொறியாளர் இல்ல, இப்படி ஒரு படுகைய சில வருஷமா பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு வர்ற ஆளு.

எழுத வேண்டி வந்த காரணத்த முதல்லயே சொல்லிடுறேன். ஒரு தடவ ஆய்வுக்கு ஆளுங்க வர்றாங்கன்னு தகவல் வந்துச்சு, அந்த நேரம் பாத்து படுகையில நாத்தம் அடிச்சுது, யாரோ சொன்னாங்கன்னு பிளீச்சிங் பவுடர மூட்டையா கரைச்சு உள்ள விட்டுட்டாங்க. மேல நாணல் பச்சையாத்தான் நின்னுச்சு. வந்தவங்க போட்டோ எடுத்துக்கிட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் பல வாரத்துக்கு வெளிய வர்ற தண்ணியில அமோனியா, அதாவது சிறுநீருல இருந்து வர்ற நைட்ரஜன் சரக்கு, அளவு குறையவே இல்ல. ஜல்லி மேல வழவழன்னு ஒட்டியிருந்த பாக்டீரியா படலம் செத்துப்போனது யாரு கண்ணுக்கும் படல. அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறல, அதனாலதான் இந்த மடல்.

அந்தப் படலம்தாங்க சுத்திகரிப்பு நிலையமே. சாக்கடையில கரைஞ்சு வர்ற அழுக்கத் தின்னு கார்பன் டை ஆக்சைடாவும் புது செல்லாவும் மாத்துறது அந்தப் பாக்டீரியா, அதுங்கள மேயுறதுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய ஒத்தை செல் உயிருங்க, நோய்க் கிருமியில ஒரு பங்க காலி பண்றதும் இந்த மேயுற கூட்டம்தான், மிச்சக் கிருமி ஜல்லியில மாட்டி நிக்கும், பட்டினியில சாகும். செடி நேரா உறிஞ்சுற நைட்ரஜன் எவ்வளவுன்னு பாத்தா, வீட்டுக் கழிவுநீர் ஓடுற படுகையில பொதுவா 10 சதவீதத்தக்கூட தாண்டாது. அப்ப செடி எதுக்குன்னு கேப்பீங்க, கேக்கணும்.

நாணல் தண்ட குறுக்க வெட்டிப் பாருங்க, உள்ள கூடா இருக்கும். சேத்துல காத்தே இல்லாத எடத்துல வேர் விட்டு வாழுற செடி, அதனால இலைப்பக்கம் இருந்து வேர்முனை வரைக்கும் காத்து போக தனக்குன்னு ஒரு குழாய்ப் பாதை வெச்சிருக்கு. உயிரோட இருக்கிற தண்டு வழியா உள்ள போற காத்து, அடியில கிழங்கு வழியா சுத்தி, பழைய காஞ்ச தண்டு வழியா வெளிய வரும். அதுல கொஞ்சம் ஆக்சிஜன் வேர்ல இருந்து கசியும், வேரச் சுத்தி ஒரு மெல்லிசான அடுக்குக்கு மட்டும், மில்லிமீட்டர் கணக்குல. அந்த அடுக்குக்குள்ள ஆக்சிஜன் வேணும்னு நிக்கிற பாக்டீரியா, கொஞ்சம் தள்ளிப் போனா ஆக்சிஜனே இல்லாம வாழுற பாக்டீரியா, ரெண்டும் இவ்வளவு பக்கத்துல குடியிருக்கிறதுதான் இந்தப் படுகையோட விசேஷமே. எத்தன தடவ நினைச்சாலும் எனக்கு இது பிரமிப்பாத்தான் இருக்கு. அதனால அழகா இருக்கணும்னு காஞ்ச தண்டையெல்லாம் தண்ணி மட்டத்துக்குக் கீழ வரைக்கும் வெட்டச் சொல்லாதீங்க. வெட்டின வாய் வழியா தண்ணி எறங்கும், கிழங்கு மூச்சு முட்டி அழுகிடும்.

அந்த அக்கம்பக்கத்து வாழ்க்கையாலதான் அமோனியா போகுது. முதல்ல நைட்ரோசோமோனாஸ் மாதிரி பாக்டீரியா அமோனியாவ நைட்ரைட் ஆக்கும், நைட்ரோஸ்பைரா மாதிரி வேற ஒரு கூட்டம் அத நைட்ரேட் ஆக்கும், இந்த ரெண்டு வேலைக்கும் சேத்து அமோனியாவுல இருக்கிற நைட்ரஜன் 1 கிராமுக்கு ஆக்சிஜன் 4.57 கிராம் வேணும். அப்புறம் அந்த நைட்ரேட் ஆக்சிஜன் இல்லாத பக்கம் போய்ச் சேந்தா அங்க இருக்கிற பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரேட்ட வெச்சே மூச்சு விடும், நைட்ரஜன் வாயுவாகி காத்தோட போயிடும், நாம சுவாசிக்கிற காத்துல 78 சதவீதம் இருக்குற அதே நைட்ரஜன். அமோனியாவ மாத்துற அந்தக் கூட்டம் ரொம்ப மெதுவா பெருகும். மத்த பாக்டீரியா பலதும் அரை மணி, ஒரு மணில ரெண்டாகுற எடத்துல இதுங்களுக்கு ஒரு நாள்கூட ஆகும். பிளீச்சிங் பவுடர் ஒரு மணி நேரத்துல கொன்னத திரும்ப வளத்தெடுக்க வாரக்கணக்கா ஆனது அதனாலதான். குளிர் வந்து தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனாலும் இதுங்க வேலை அப்படியே தளர்ந்துடும், அத கணக்குல எடுத்துதான் பரப்பளவே போடணும்.

இதுல வரைபடம் போடுறவங்ககிட்ட ஒரு வருத்தம் இருக்கு. வேர் கசியவிடுற ஆக்சிஜன் அவ்வளவு அமோனியாவுக்கும் போதும்னு நம்பி, 60 சென்டிமீட்டர் ஆழத்துல எப்பவும் நெறஞ்சு நிக்கிற, தண்ணி பக்கவாட்டுல ஓடுற கிடைமட்டப் படுகை ஒண்ண மட்டும் போட்டுட்டு அமோனியா போகலையேன்னு கேட்டா எப்படி? போதாதுங்க. அமோனியா எறங்கணும்னா மேல இருந்து கீழ வடியிற செங்குத்துப் படுகை வேணும், ஒரே மூச்சா விடாம ஒரு நாளைக்கு சில தடவ மட்டும் தண்ணிய விட்டு வடிய விடணும், வடியும்போது மேல இருந்து காத்த உள்ள இழுத்துக்கும். நைட்ரேட்டயும் கழிக்கணும்னா பின்னாடி ஒரு கிடைமட்டப் படுகை வைக்கலாம், இல்ல கொஞ்சம் தண்ணிய திரும்ப, படுகைக்கு முன்னாடி கசடு படியுற வண்டல் தொட்டிக்கு அனுப்பலாம், ஏன்னா நைட்ரேட்ட கழிக்கிற பாக்டீரியாவுக்குத் தின்ன கொஞ்சம் அழுக்கும் வேணும்.

செடி மேல அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறது புதுசு இல்ல. 1950-கள்ல ஜெர்மனியில கேத்தே சீடல்னு ஒரு அம்மா மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல கோரைய வெச்சு அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்ண முடியுமான்னு ஆராய ஆரம்பிச்சாங்க. பின்னாடி ரைன்ஹோல்ட் கிக்குத்னு ஒருத்தர் மண்ணுலயே நாணல் நட்டு பண்ணலாம்னு சொல்லி, 1974-ல ஜெர்மனியிலயே ஓத்ஃப்ரேசன்ங்கிற ஊர்ல பெரிய அளவுல ஒரு படுகை ஓட ஆரம்பிச்சுது. வேர் போகப்போக மண்ண இளக்கி வழி உண்டாக்கும்னு எதிர்பாத்தாங்க, ஆனா அப்படிப் போட்ட பல படுகையில தண்ணி மண்ணுக்குள்ள எறங்காம மேலாப்புலயே ஓடிடுச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் ஜல்லிக்கு மாறினாங்க. அதனால செலவ குறைக்கிறோம்னு கழுவாத தூசி ஜல்லியையோ மண்ணையோ கொட்டச் சொல்லி கையெழுத்துப் போடாதீங்க, அந்தப் பாடம் ஏற்கனவே படிச்சு முடிச்ச பாடம்.

கழிவுநீருல வர்ற பாஸ்பரஸ் பத்தி நேர்மையா சொல்லிடணும். அது வாயுவாகிப் போற வழியே கிடையாது, ஜல்லியில இருக்கிற இரும்பு, அலுமினியம், கால்சியத்துல போய் ஒட்டிக்கும், ஒட்ட எடம் தீந்துட்டா அப்புறம் அப்படியே வெளிய வரும். முதல் வருஷ அளவீட்ட காட்டி எப்பவும் இப்படித்தான்னு அறிக்கை எழுதாதீங்க. கன உலோகம் வர்ற ஆலைக் கழிவையும் இங்க திருப்பி விடாதீங்க, உலோகத்த எந்தப் பாக்டீரியாவும் தின்னு தீக்க முடியாது, அது உள்ளயேதான் சேரும். கொசு வருமேன்னு பயப்படுறவங்களுக்கு, தண்ணி மட்டம் ஜல்லிக்குக் கீழயே இருந்தா முட்டை வைக்க எடமே கிடைக்காது.

மத்தபடி ஒரு படுகைய கொல்றது அடைப்புதான். முன்னாடி இருக்கிற வண்டல் தொட்டி நெறஞ்சு, கசடு உள்ள ஏறி, ஜல்லிச் சந்தெல்லாம் அடைச்சு, தண்ணி மேல தேங்கி, அதுலதான் நாத்தம் வரும். எங்க படுகையிலயும் அன்னைக்கு நடந்தது அதுதான், தொட்டிய அள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும். காத்தடிக்கிற மெஷின் ஓடுற நிலையத்துல மின்சாரச் செலவுல ஏறக்குறைய பாதி அந்தக் காத்துக்கே போயிடும், இங்க அந்தச் செலவு இல்ல, மிச்சமாகுற காசுல ஒரு சின்னப் பங்க தொட்டி அள்ளுறதுக்கும், மாசாமாசம் தண்ணிய எடுத்து அமோனியா பாக்குறதுக்கும், பக்கத்துல ஒரு ஆள நிரந்தரமா வைக்கிறதுக்கும் ஒதுக்குங்கன்னுதான் கேக்குறேன். பராமரிப்பே தேவையில்லன்னு திட்ட அறிக்கையில எழுதுற அந்த ஒரு வரிய தயவுசெஞ்சு எடுத்துடுங்க. புதுசா நட்ட படுகைன்னா ரெண்டு வளர்ச்சிப் பருவமாவது டைம் குடுங்க, வேர் அடி வரைக்கும் போகவே அவ்வளவு ஆகும்.

அடுத்த தடவ எங்க படுகைக்கு வந்தீங்கன்னா நாணல் பக்கம் போறதுக்கு முன்னாடி வண்டல் தொட்டி மூடியத் திறக்கச் சொல்லுங்க. கசடு எவ்வளவு ஏறியிருக்குன்னு அளக்கிற குச்சிய பக்கத்துச் சுவத்துலயே சாத்தி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
படுகைய பாத்துக்குற ஒருத்தன்