அம்மா விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டாள்

அன்புள்ள கலா,

திட்டாதே. உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை, போனையும் எடுக்கவில்லை, செல்வியிடம் "அவ உயிரோடதான் இருக்காளா"ன்னு கேட்டாயாமே. இருக்கிறேன். உன் வீட்டுக்காரருக்கு முட்டிவலி தேவலையா? பிரியா எந்த காலேஜ் என்று முடிவாயிற்றா? அப்புறம், தொலைத்த குடையை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. சர்க்கரை வருஷக்கணக்காக இருந்ததே, அது கடைசியில் அங்கே கைவைத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து, போட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். ராத்திரி அவள் தூங்கினதும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கிறேன்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது உடம்பைப் பற்றி இல்லை. அம்மா விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டாள்.

அவளை உனக்குத் தெரியும். ஒரு பிரதோஷம் விடமாட்டாள், அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் நீர்மோர் ஊற்ற நம்மை எத்தனை வருஷம் வெயிலில் நிறுத்தியிருக்கிறாள்! இப்போது பூஜை அலமாரிக் கதவு சாத்தியே கிடக்கிறது. திறந்து பார்த்தேன், திரி எண்ணெய் வற்றி விளக்கின் மூக்கிலேயே ஒட்டிக் கிடந்தது. பெரியம்மா திருவண்ணாமலையிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலம் ஃபிரிட்ஜ் மேலே மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில், பிரிக்கக்கூட இல்லை. பொட்டாசியம் ஏறக் கூடாது என்று வாழைப்பழம், இளநீர் எல்லாம் தடை. யாரோ பழனியிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள், "பிரசாதம்கூட வாயில படக்கூடாதுன்னு ஆக்கிட்டான். இனிமே அவனுக்கும் எனக்கும் என்ன பேச்சு?"

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "எல்லாம் அவன் பாத்துப்பான்." "போன ஜென்மத்துக் கணக்கு, கழிச்சுத்தானே ஆகணும்." இரண்டாவதைச் சொன்னது யாரென்று நீயே ஊகித்திருப்பாய். அன்று சாயங்காலம் முழுக்க அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

டயாலிசிஸ் ஓடுகிற நாலு மணி நேரமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோயும் சாவு பயமும் வந்தால் பக்தி என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கும் காலத்தில் நீ மணிக்கணக்காகப் பேசுவாயே, அமெரிக்காவின் அந்த அரிசோனா நீதிபதிகள் ஆய்வு, 1989இல் வந்தது. சாவை நினைவுபடுத்தும் கேள்விகளுக்குப் பதில் எழுதிய நீதிபதிகள் விபச்சார வழக்கில் சராசரியாக 455 டாலர் பிணைத்தொகை விதித்தார்கள், மற்றவர்கள் 50 டாலர். சாவு பயம் வந்தால் மனுஷன் தன் நம்பிக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான் என்று அதிலிருந்துதானே பேசினோம்? மொத்தமே 22 நீதிபதிகள்தான் கலா. அதே கொள்கையின் இன்னொரு பெயர்பெற்ற சோதனையைப் பின்னாளில் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு தட்டுப்படவே இல்லை. பக்தி இருந்தால் மரண பயம் குறையுமா என்று உளவியலாளர் ஜொனதன் ஜாங் குழு 2017இல் 100 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பாதிக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லை. சுமார் 30 சதவீதத்தில் பக்தி கூடினால் பயம் குறைகிறது, 18 சதவீதத்தில் பயமும் சேர்ந்தே கூடுகிறது. ஆக, "நல்ல பக்தை, மனசு தெம்பா இருப்பா" என்று டாக்டர் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோரும் அடித்துச் சொல்வதற்கு அப்படியொன்றும் பெரிய ஆதாரம் இல்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது இதெல்லாம் இல்லை, மதமும் மனமும் பற்றி ஆராயும் உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் 2001இல் வெளியிட்ட ஒன்று. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு வருஷம்போலத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, அவருக்கு என்மேல் அன்பே இல்லையோ என்று உள்ளுக்குள் மறுகியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள். நோயின் கடுமை, மனச்சோர்வு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் போகவில்லை. "கைவிட்டுவிட்டார்" என்பதற்கு 28 சதவீதம் கூடுதல் ஆபத்து. அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், வேறு ஊர், வேறு சாமி, ஒன்றோடொன்று சேர்ந்து வருவதால் ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது, எல்லாம் தெரியும். ஆனாலும் படுக்கையில் அம்மா கண்ணை மூடிக் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைப் படிக்கிறவளுக்கு இந்த நியாயமெல்லாம் நிற்காது.

அதற்கப்புறம் 2004இல் வந்ததைப் படித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அதே நோயாளிகளில் பிழைத்தவர்களை இரண்டு வருஷம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். கடவுளோடு மனஸ்தாபம் வந்து போனவர்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை, அதிலேயே சிக்கிக்கொண்டு கிடந்தவர்கள்தான் நொடித்துப் போயிருக்கிறார்கள். நளினி தாரகேஸ்வர் என்பவரும் அந்த ஆய்வில் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் இந்துக்கள் கஷ்டகாலத்தில் சாமியை எப்படிப் பற்றிக்கொள்கிறார்கள் என்று அளக்க அதற்கு முந்தின வருஷமே ஒரு வினாப்பட்டியல் செய்திருக்கிறார். அதில் குற்றவுணர்ச்சி, கோபம், கையைக் கட்டிக்கொண்டு கிடப்பது மூன்றும் ஒரே கட்டாக வருகிறது. போன ஜென்மத்துக் கணக்கு என்று வந்து சொல்லிவிட்டுப் போகிறார்களே, அவர்கள் அம்மாவை நேராக அந்தக் கட்டுக்குள்தான் தள்ளுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் வரும் கோபத்துக்கு அளவே இல்லை.

ஜூலி எக்ஸ்லைன் என்ற உளவியலாளர் 2012இல் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார். கடவுள்மேல் கோபப்படுவது ஒன்று, உறவை முறித்துக்கொண்டு விலகுவது ஒன்று, முகத்துக்கு நேராக நின்று முறையிடுவது, கேள்வி கேட்பது வேறொன்று. இதைப் படித்ததும் எனக்குச் சுந்தரர் ஞாபகம் வந்தார். அம்மாதானே நமக்கு அந்தக் கதையைச் சொன்னாள், மொட்டைமாடியில் வடாம் பிழியும்போது? திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தட்டுத்தடுமாறி வெண்பாக்கத்துக்கு வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். "உளோம், போகீர்" என்று ஒரு பதிலும் ஓர் ஊன்றுகோலும் மட்டும் கிடைக்கிறது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி ஏரிக்குள் இருக்கிறது, கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள்.) காஞ்சியில் ஒரு கண் வருகிறது. திருவாரூரில் போய் நின்றுகொண்டு, உமக்கே அடிமையாகக் கிடந்தவர்கள் இப்படித் தவித்தால் நீராவது நன்றாக வாழ்ந்து போம் என்று சிவனைப் பாடுகிறார் பார், எவ்வளவு உரிமை இருந்தால் அப்படிக் கேட்க வரும்! அந்தப் பாட்டை அப்படியே தேவாரத்தில் வைத்துக்கொண்டு நாம் கோயிலில் ஓதுகிறோம். அம்மா சுந்தரரைப்போலச் சண்டை போட்டிருந்தால் நான் பயந்திருக்கவே மாட்டேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள், அதுதான் பயமாக இருக்கிறது.

டயாலிசிஸுக்குப் போனால் எடை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று டம்ளர் கணக்குக் கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை. யார் கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை. நீ தினமும் நோயாளிகளோடு பேசுகிறவள், நீ கேட்பாயா? கேட்டால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பாய்? நான் ஆரம்பித்தால் "நீ போய் வேலையைப் பாரு"ன்னு திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மகளிடம் சொல்ல முடியாதது உன்னிடம் வரலாம், உன்மேல் அவளுக்கு எப்போதுமே தனிப் பிரியம், எனக்கு அதில் அந்தக் காலத்திலேயே வயிற்றெரிச்சல்.

ஒன்று மட்டும் நடந்தது. போன வாரம் ஆட்டோ தெற்கு மாட வீதியில் திரும்பும்போது கோபுரத்தைப் பார்த்து, "என்ன, தேர் நல்லா ஓடிச்சா?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, சத்தியமாக அவனைத்தான் கேட்டாள். குரலில் அப்படி ஒரு சூடு. எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது, பதினோரு மணிக்கு மேல் தெம்பாக உட்கார்ந்திருப்பாள். அவள் நம்பருக்கே போன் பண்ணு, என்னிடம் முதலில் பேசாதே. சாமியைத் திட்டினால் திட்டவிடு, நடுவில் சமாதானம் சொல்லாதே. "எல்லாம் அவன் பாத்துப்பான்" மட்டும் உன் வாயிலிருந்து வரவே கூடாது, சொல்லிட்டேன்.

உன்
சுதா