வடைக் கதையைக் கேட்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

எங்கள் சிறப்பு வகுப்புக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள எங்கள் 9 பிள்ளைகள், பாட்டி வடை சுட்ட கதையை இப்போது கடைசிவரை கேட்டு, கேள்விக்கு விடையும் காட்டுகிறார்கள். இதில் என் பங்கு பாதிகூட இல்லை.

முதல் நன்றி, செவித்திறன் சோதித்துத் தந்த மருத்துவருக்கு. டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி மரபணு மாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நிகழ்வது என்று அவர் சொல்லும்வரை, கூப்பிட்டால் திரும்பாத ஒரு சிறுவனைப் பிடிவாதக்காரன் என்றே நினைத்திருந்தேன். இன்றும் அதை எண்ணினால் கூச்சமாக இருக்கிறது.

"சொன்னது புரியாது" என்று வேறொரு பள்ளி திருப்பி அனுப்பிய மாணவியின் தாயிடம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமை அவளுக்கு உண்டு என்று எடுத்துச் சொல்லி இங்கே சேர்த்துவிட்டவர் வட்டார வள மையச் சிறப்பாசிரியர்.

பேச்சுப் பயிற்சியாளர் அம்மையார் ஒரு பாடத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "'புரிந்ததா?' என்று இனிக் கேட்காதீர்கள்" என்றார். அதற்கு எல்லாரும் "புரிந்தது" என்றுதானே சொல்வார்கள்! "வடையைத் தூக்கியது யார்?" என்றால் "யார்" என்று கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்லும் அம்மாணவியிடம், காகம், நரி என 2 படங்களை நீட்டச் சொன்னார். அவள் எப்போதும் வலப்பக்கப் படத்தையே தொட்டாள். படங்களை இடம் மாற்றி மாற்றி வைத்தபோதுதான் அது விடையல்ல, கைப்பழக்கம் என்று தெரிந்தது. 'யார்', 'என்ன', 'எங்கே' பழகிய பிறகே 'ஏன்' என்பதைத் தொடவும், கேட்டபின் மனத்துக்குள் 10 வரை எண்ணிக் காத்திருக்கவும் பழக்கியவர் அவரே. வாயை மூடிக்கொண்டு 10 எண்ணுவது ஆசிரியருக்கு எவ்வளவு கடினம் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

ஒரு மாணவனின் பாட்டி, அடுப்பையும் எண்ணெய்ச் சட்டியையும் பள்ளி முற்றத்துக்கே கொண்டுவந்து வடை சுட்டுக் காட்டினார். 'சுட்டாள்' என்ற சொல்லுக்குப் படத்தில் கிடைக்காத பொருள் அந்தச் சத்தத்திலும் மணத்திலும் கிடைத்தது. துணிக் காகமும் நரியும் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்க மறுத்த தையற்கார அண்ணனுக்கும், கதை நேரத்தில் கடகடக்கும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசலில் காவல் இருந்த ஆயாம்மாவுக்கும், ஒரே கதையை இரவுதோறும் சலிக்காமல் சொன்ன பெற்றோருக்கும் நன்றி.

சென்ற வாரம் அம்மாணவியிடம், "வடை ஏன் கீழே விழுந்தது?" என்று கேட்டேன். 8 வரை எண்ணியிருப்பேன். 2 படங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வாயைப் பெரிதாகத் திறந்து "கா" என்றாள்.

அன்புடன்,
வகுப்பாசிரியை