அரைப் பிக்சல் எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் பைகேமில் (பைத்தான் நிரல்மொழியில் விளையாட்டும் படமும் செய்ய உதவும் நூலகம்) கோலம் போடும் பயிற்சி வந்ததைப் பார்த்துவிட்டு, எட்டாவது படிக்கும் என் பேத்தி மார்கழி முடிவதற்குள் போட்டே தீருவதென்று உட்கார்ந்தாள்.

முதலில் குத்துவிளக்கு. சுடர் தலைகீழாகத் தொங்கியது. ‘ஒய் கூடினால் மேலேதான் போகும், எங்கோ கழித்தல் குறி போட்டிருக்கிறாய்’ என்று கடிந்துகொண்டேன். ‘போடவே இல்லை அப்பாயி’ என்றாள். 31 வருஷம் வரைபடத்தாளில் பாடம் நடத்திய திமிர், வேறென்ன! பைகேமில் (0, 0) திரையின் இடது மேல் மூலை. ஒய் கூடக்கூடக் கீழே இறங்கும். பழைய குழாய்த் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை அந்த மூலையில் தொடங்கி வரிவரியாக இறங்கியதிலிருந்து வந்த வழக்கமாம். எங்கள் திருத்துறைப்பூண்டி கணக்கில், சுழியம் தலைமடையில். பைத்தானிலேயே டர்ட்டில் என்ற இன்னொரு வரைகருவி என்றால் சுழியம் நடுவில், ஒய் மேல்நோக்கி. பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

பெரிய வினை இடுக்குப் புள்ளியில் வந்தது. 15 புள்ளி, 8 வரை. புள்ளிக்குப் புள்ளி 25 பிக்சல். அடுத்த வரிசை பாதி தள்ளி, 12.5 பிக்சலில் தொடங்க வேண்டும். உங்கள் பயிற்சி, புள்ளியின் இடத்தை ரெக்ட் என்ற செவ்வகத்தில் வைத்து வரிசைதோறும் 12.5 கூட்டச் சொன்னது. ரெக்ட் முழு எண்ணை மட்டுமே வைத்துக்கொள்ளும். அரையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். முதல் வரிசையில் தெரியவில்லை. ஏழாவது முறை தள்ளியபோது 87.5 இருக்க வேண்டிய இடத்தில் 84. மூன்றரை பிக்சல் சரிந்து, கம்பி புள்ளியை உரசிக்கொண்டு போனது. வாசலில் இப்படிப் போட்டிருந்தால் என் மாமியார் தண்ணீரை ஊற்றி அழித்திருப்பார்.

சென்னையிலிருக்கும் மகன்தான் போனில் வழி சொன்னான். பைகேமிலேயே வெக்டர்2 இருக்கிறது. எக்ஸையும் ஒய்யையும் ஒரே பொருளாக, தசமத்தோடு வைத்துக்கொள்ளும். நகர்வை ஒரே வரியில் கூட்டலாம். கணக்கு முழுக்க அதில் போட்டு, திரையில் வைக்கும்போது மட்டும் முழு எண்ணாக்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகாது. செயலிகளுக்குத் திரை அமைக்கும் க்யூட்டி நூலகத்தில் முழு எண்ணுக்குக் க்யூபாயிண்ட், தசமத்துக்குக் க்யூபாயிண்ட்எஃப் என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்களாம். பேத்தி மாற்றினாள், கோலம் நிமிர்ந்தது.

திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சுழியம் எந்த மூலை, ஒய் எந்தப் பக்கம் கூடும், புள்ளி தசமம் தாங்குமா என்பதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே போடுங்கள். தை பிறக்குமுன் வந்தால் நல்லது. அடுத்து பொங்கல் பானை போடப் போகிறாளாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி